இடது வாயோரம் கசியும் காற்று

ஜூன் 10, திங்கள்

காலையில் வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடது வாயோரமாக வழிந்து பனியனை நனைத்தது. இரண்டாவது முறையும் அப்படியே. கண்ணாடியில் பார்த்தால், முகத்தின் இடது பாதி எனக்குச் சம்பந்தமே இல்லாததுபோலத் தொங்கிக்கொண்டிருக்கிறது. "பனியன் கொண்டா" என்று ரெஜினாவைக் கூப்பிட்டேன். 'ப' வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. அவள் ஓடிவந்து பார்த்துவிட்டு, "ஐயோ மாதாவே" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டிய மனைவியே அப்படி நின்றால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். சின்ன வயது டாக்டரம்மா. புருவத்தைத் தூக்கு, பல்லைக் காட்டு, கன்னத்தை உப்பு என்றாள். வலது பக்கம் எல்லாவற்றுக்கும் கீழ்ப்படிந்தது. இடது பக்கம் அசையவில்லை.

"பயப்படாதீங்க, இது பக்கவாதம் இல்ல. முகத்துக்குப் போற நரம்பு வீங்கியிருக்கு. முகவாதம்னு சொல்வாங்க. முக்காவாசிப் பேருக்கு மூணு மாசத்துல சரியாயிடும்."

"மிச்சப் பேருக்கு?"

அதற்கு அவள் மருந்துச் சீட்டு எழுத ஆரம்பித்தாள். எழுதிக்கொண்டே என்ன வேலை என்று கேட்டாள். ரெஜினா முந்திக்கொண்டாள்: "சேக்ஸபோன் வாசிக்கிறாரு."

"ஓ, கல்யாணத்துலயா?"

வாய் ஒழுங்காக இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு நல்ல பதில் கிடைத்திருக்கும்.

ஜூன் 11, செவ்வாய்

கல்யாணத்தில் இல்லை. நான் வாசிப்பது ஜாஸ். கடற்கரை ஓரத்து ஹோட்டலில் பத்தொன்பது வருஷமாக ஞாயிறு மதியம். வரதன் பியானோ, டைட்டஸ் பேஸ், மைக்கேல் டிரம்ஸ், நான் டெனர் சேக்ஸபோன். பிப்ரவரியில் எங்களுடைய முதல் ஆல்பம் பதிவாகப் போகிறது. எட்டுப் பாட்டு, அதில் ஐந்து நான் எழுதியது. ஐம்பது வயதுக்குமேல் ஒருவனுக்கு இப்படி ஒன்று வருகிறதென்றால் அதை விட்டுவிட முடியுமா?

ரெஜினா மார்க்கெட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்தேன். ஊரில் எல்லாரும் சேக்ஸபோன் என்றால் அந்தப் பித்தளைக் குழாயைப் பார்க்கிறார்கள். சத்தம் அதில் இல்லை. கீழுதட்டை மடித்துப் பல்லின்மேல் போட்டு, அதன்மேல் ரீடு என்கிற நாணல் சீவலை வைத்து, சுற்றிலும் உதட்டை இறுக்கி மூட வேண்டும். அந்த உதட்டில்தான் எல்லாம் இருக்கிறது. கத்துவதும் கொஞ்சுவதும் பொய் சொல்வதும் அதுதான். மற்றதெல்லாம் தகரக்கடை வேலை.

ஊதினேன். இடது ஓரமாக உஸ் என்று காற்று போனது, எச்சிலும் கூடவே. பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்குவார்களே, அந்த மாதிரி. துடைத்துப் பெட்டியை மூடினேன்.

ஜூன் 14, வெள்ளி

வரதன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தான். கடிக்க முடியாதவனுக்கு ஆப்பிள். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தான், கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான்.

"பென்னி, ஞாயித்துக்கெழம ஆள் வேணும்பா. ஹோட்டல்ல கேக்குறாங்க."

"யாரு?"

"அமல்."

என் தம்பி அமலதாஸ். கல்யாண ஊர்வலத்தில் ஜிப்பா போட்டுக்கொண்டு சேக்ஸபோன் வாசிப்பவன். மாப்பிள்ளை அழைப்புக்கு அவன்தான் வேண்டும் என்று மண்டபக்காரர்கள் நிற்கிறார்களாம். பெரிய பெருமை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனும் எங்கள் மேடையில் ஏறினான். வெளியாள் வந்து நின்றால் பாட்டையும் சுருதியையும் வேகத்தையும் மேடையில் இருப்பவன்தான் முடிவு செய்வான். வந்தவனை உரசிப் பார்ப்பது எங்கள் வழக்கம். நான் விரலைச் சொடுக்கி எண்ணினேன். குதிரைகூட ஓடாத வேகம். அதுவும் ஒவ்வொரு சுற்றுக்கும் சுருதியைப் படிப்படியாக ஏற்றினேன். இரண்டாவது சுற்றில் அவன் விழுந்துவிட்டான். வாத்தியம் கழுத்தில் தொங்க, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். நான் மைக்கில், "தம்பிக்கு ஒரு கைதட்டு குடுங்க, மூணாவது டேபிள்ல யாருக்காவது கல்யாணம்னா சொல்லுங்க" என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நன்றாகச் சிரித்தார்கள். அவனுக்கு அப்போது இருபத்தாறு. அதற்கப்புறம் கல்யாண வாசிப்புக்கே போய்விட்டான்.

பாடம் என்றால் அப்படித்தான் இருக்கும். எனக்கு யாரும் பஞ்சு மெத்தை போட்டுச் சொல்லித்தரவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஞாயிறு மதியம் வீட்டில் சாப்பாடு. பாதி தட்டில், பாதி மடியில்.

ஜூன் 20, வியாழன்

அமல் வந்தான். கையில் துணிப்பை, பைக்குள் ஏதோ அடித்துக்கொண்டது. பார்த்தால் புறா.

"செலின் சொன்னா அண்ணே. புறா ரத்தத்தச் சூடா தடவுனா வாதம் இழுத்துக்குமாம். அவ ஊர்ல ஒருத்தருக்கு எட்டே நாள்ல..."

"ஒம்பொண்டாட்டி டாக்டருக்குப் படிச்சிருக்காளா? மொதல்ல அத வெளிய விடுடா."

மொட்டைமாடிக்குப் போய்ப் பறக்கவிட்டுவிட்டு வந்தான். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை.

"வரதன் சார் கூப்ட்டாரு. நீங்க வேணாம்னா நான் போகல அண்ணே. சத்தியமா."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வரதன் பம்பாயிலிருந்து எவனையாவது இறக்குவான், வந்தவன் போகமாட்டான். இவன் என்றால் இரண்டே வாரம், அப்புறம் வரதனே துரத்திவிடுவான். நாற்காலி எனக்காகக் காத்திருக்கும். "போடா, நல்லா பண்ணு" என்றேன். அவன் குனிந்து என் காலைத் தொட்டான். இந்தப் பழக்கமெல்லாம் மண்டபத்தில் கற்றது.

என்னுடைய பாட்டுகளை எழுதித்தரச் சொன்னான். சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனான்.

ஜூன் 22, சனி

எழுதிக் கொடுத்தாயிற்று. என்னுடையது டெனர், அவனுடையது அதைவிடச் சின்ன ஆல்ட்டோ சேக்ஸபோன். தாளில் இருக்கும் ஒரே சுரத்தை இரண்டிலும் ஊதினால் இரண்டு வேறு சுரம் கேட்கும். அதனால் எனக்கு எழுதியதை அவனுக்காக முழுக்க மாற்றி எழுத வேண்டும். குருட்டு வேலை. கண்ணில் சொட்டு மருந்து, தலையில் மாத்திரை மயக்கம். கடைசிப் பாட்டு மட்டும் அரைச் சுரம் தள்ளி விழுந்துவிட்டது போலிருக்கிறது. அவன் வாங்கிக்கொண்டு போனபிறகுதான் கவனித்தேன்.

போன் பண்ணிச் சொல்லலாம். ஆனால் எனக்குத்தான் வாய் சரியில்லையே.

ஜூன் 23, ஞாயிறு

சாயங்காலம் டைட்டஸ் பேசினான். ஒரே சந்தோஷம் அவனுக்கு.

"அண்ணாத்த, கடைசிப் பாட்டுல தம்பி ஒரு வேல பண்ணான் பாரு! மொத வரி முழுசா வேற சுருதில வுட்டான். எனக்குக் குலையே நடுங்கிப்போச்சு. ரெண்டாவது வரில அப்டியே வழுக்கி உள்ள வந்தான் பாரு, கேக்குறவன்லாம் வேணும்னேதான் பண்றான்னு நெனச்சிட்டான். கைதட்டு நிக்கல. நீ எழுதுனதா அது?"

"ஆமா" என்றேன்.

அமல் எதுவும் கேட்கவில்லை. ஹோட்டலிலிருந்து புட்டிங் வாங்கி அனுப்பியிருந்தான். மெல்ல வேண்டாமாம், அப்படியே விழுங்கலாமாம்.

ஜூலை 9, செவ்வாய்

கண்ணாடி முன்னால் தினமும் அரைமணி நேரம். அ, இ, உ. விசில். பலூன். பலூன் என் கையிலேயே சுருங்கிக் கிடக்கிறது. ராத்திரி இடது கண் மூடாது என்பதால் ரெஜினா பிளாஸ்திரி ஒட்டிவிடுகிறாள்.

இன்று அவள், "நேத்திக்கு இன்னிக்கு உதடு லேசா அசையுது" என்றாள். "இருபத்தெட்டு வருஷமா நான் வாசிக்கிறத ஒருநாளாச்சும் ஒழுங்கா கேட்டிருக்கியா? நீ சொல்றியா உதட்டப் பத்தி?" என்றேன். அவள் பிளாஸ்திரியை வெட்டினாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டினாள் என்று தோன்றியது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மாஸ்க் போட்டுக்கொண்டு ஹோட்டலுக்குப் போனேன். தூணுக்குப் பின்னால் ஒரு மேஜை. யாரும் பார்க்கவில்லை.

இரண்டு வாரத்தில் துரத்துவான் என்று நினைத்தவனை ஏழு வாரமாக வைத்திருக்கிறான் வரதன். என்னதான் இருக்கிறது என்று பார்க்கத்தான் போனேன். அமல் என்னுடைய பாட்டை எடுத்தான், மெதுவாகப் போகுமே அது. நான் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக, சுத்தமாக வைப்பேன். அவன் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போனான், ஊர்வலத்தில் இழுக்கிற மாதிரி. கல்யாணக் குழைவு. மலிவான வேலை.

நடுவில் ஏதோ குறைகிறதே என்று பார்த்தேன். முள்கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. பக்கத்து மேஜையில் ஒரு ஆள் வாய்க்குக் கொண்டுபோன கோழியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். பத்தொன்பது வருஷத்தில் நான் வாசிக்கும்போது அந்தச் சத்தம் ஒருநாளும் நின்றதில்லை. அதை ஹோட்டல் வாசிப்பின் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாட்டு முடியும் முன்பே எழுந்து வந்துவிட்டேன். எப்படி வாசித்தான் என்று ரெஜினா கேட்டாள். "சுமார்" என்றேன்.

செப்டம்பர் 12, வியாழன்

மூன்று மாதம் முடிந்தது. நான் முக்காவாசிப் பேரில் சேர்த்தி இல்லை.

அக்டோபர் 17, வியாழன்

உதடு திரும்பிக்கொண்டிருக்கிறது. பாதிதான், ஆனால் மூடுகிறது. வாத்தியத்தில் சத்தம் வந்தது. என் சத்தம் இல்லை, அதற்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒன்று. உதட்டை இறுக்கினால் இடது கண் தானாகச் சுருங்கி மூடிக்கொள்கிறது. நரம்பு திரும்ப வளரும்போது இப்படித்தான் குழம்புமாம். போகட்டும், கண்ணாலா வாசிக்கிறோம்?

உடனே வரதனுக்குப் போன் செய்து வரச்சொன்னேன். வந்தான். வாசித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டான்.

"பென்னி, பிப்ரவரிப் பதிவுக்கு அமல்தான். முடிவு பண்ணிட்டோம்."

"இன்னும் மூணு மாசம் இருக்கு. தேறிடுவேன்."

"ஹோட்டல்னா நீ உக்காரு, நான் ஒரு வார்த்த சொல்லமாட்டேன். சாப்பிடுறவனுக்கு என்ன தெரியப்போகுது? ஆனா மைக்குக்குத் தாட்சண்யம் கெடையாதுப்பா. ஓரத்துல காத்து போறது அப்படியே கேக்கும்."

"என் பாட்டு அஞ்சையும் எடுத்துடுவேன்."

"எடுத்துக்கோ" என்றான். கோபமே இல்லை. "அமல் அஞ்சு வச்சிருக்கான். நல்லாருக்கு."

வாசல்வரை போனவன் திரும்பி, ஆப்பிள் சாப்பிட முடிகிறதா என்று கேட்டான்.

நவம்பர் 24, ஞாயிறு

தினமும் நாலு மணி நேரம். உதட்டின் உள்பக்கம் பல் பதிந்து புண்ணாகிவிட்டது. உப்புத்தண்ணீர். மறுபடியும் வாசிப்பு. உஸ் என்பது போகவில்லை.

அமலுக்கு ஏதாவது ஆகவேண்டும் என்று மாதாவிடம் கேட்கவில்லை. மழைக்காலம், ரோடு மோசம், அவன் ஸ்கூட்டரில்தான் போகிறான் என்பதை மட்டும் நினைத்துப் பார்த்தேன்.

டிசம்பர் 16, திங்கள்

ஒரு வாரமாகச் சாப்பிட உட்கார்ந்தால் இடது கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. காரம் என்று நினைத்து ரெஜினாவைத் திட்டினேன். தயிர் சோற்றுக்கும் கொட்டியது. இன்று இருவரும் டாக்டரம்மாவிடம் போனோம்.

"நரம்பு வளரும்போது வழி தவறிப் போயிடுச்சு சார். எச்சில் சுரக்கப் போகவேண்டியது கண்ணீர் சுரப்பிக்குப் போய்ச் சேந்துடுச்சு. மென்னா கண்ணீர் வரும். துக்கம், கவல எதுவும் கெடையாது."

அதற்கு மருத்துவத்தில் ஒரு பேரும் சொன்னாள், ஒரு பிராணியின் பேரை வைத்து. அதை இங்கே எழுதப்போவதில்லை. ரெஜினா ஆறு மாதத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

ஜனவரி 1, புதன்

பூசை முடிந்து மதியம் அமல் வீட்டில் சாப்பாடு. வருஷம் பிறந்தால் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்று செலின் போன வாரமே வந்து கூப்பிட்டிருந்தாள். ஆட்டுக்கறி பிரியாணி, எலும்புக் குழம்பு. "மெதுவா சாப்டுங்க மாமா, கறிய நல்லா வேகவச்சிருக்கேன்" என்று சொல்லித்தான் வைத்தாள். நானும் அமலும் எதிரெதிரே. ரெஜினா என் பக்கத்தில்.

பேச்சு பதிவைப் பற்றிப் போனது. ஸ்டுடியோ எங்கே, எத்தனை மணிக்கு. அமல் பேசவே கூச்சப்பட்டான், வார்த்தைக்கு வார்த்தை என்னைப் பார்த்துக்கொண்டான். நான் சாப்பிட ஆரம்பித்தேன். கண்ணீரும் ஆரம்பித்தது. இவர்களிடம் அதைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை.

அமல் பேச்சை நிறுத்தினான். "அண்ணே?"

நான் மென்றுகொண்டிருந்தேன். கன்னம் வழியாகத் தாடைக்கு வந்து தட்டில் சொட்டியது.

"அண்ணே, வேணாம். அழாதீங்க. எனக்குத் தெரியும்ணே, உங்களுக்கு எவ்ளோ கஷ்டமா இருக்கும்னு."

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வரி: 'டேய், இது நரம்புக் கோளாறு.' வாயில் சோறு இருந்தது. விழுங்கினேன். கண்ணீர் குறைய ஆரம்பித்தது. ரெஜினா என் தட்டைப் பிடித்து இழுத்தாள். "போதும், எந்திரிங்க" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் தட்டை விடவில்லை. பாத்திரத்தில் கை விட்டு ஒரு கறித்துண்டை எடுத்து வாயில் போட்டேன். பெரிய துண்டு. தம்பி முகத்தைப் பார்த்துக்கொண்டே மென்றேன். மறுபடியும் கொட்டியது.

"நான் அன்னிக்கு ஒன்ன மேடையில..." என்று ஆரம்பித்தேன், அவ்வளவுதான். அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்து என் தலையைப் பிடித்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டான். அவன் உடம்பு குலுங்கியது. பன்னிரண்டு வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்துக்கொண்டிருந்தானாம். செலினும் முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

ஆட்டோவில் திரும்பி வந்தோம். வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது ரெஜினா சொன்னாள்: "ரெண்டாவது துண்டு எடுத்தத நான் பாத்தேன்."

ஜனவரி 3, வெள்ளி

வரதன் போனில் கத்தினான்.

"அமல் வரமாட்டேங்கிறான். எங்கண்ணன் வாசிச்சா வாசிக்கட்டும், இல்லன்னா வேற ஆள் பாத்துக்கோங்கன்றான். கால்ல விழாத கொறையா கேட்டுட்டேன். அவன் பாட்டையும் எடுத்துக்கிட்டான். ஸ்டுடியோவுக்குச் சொல்லியாச்சு, தேதி மாத்த முடியாது. நீ என்னய்யா சொன்ன அவன்கிட்ட?"

"ஒண்ணும் சொல்லல. சாப்பிட்டேன்."

ஜனவரி 19, ஞாயிறு

மறுபடியும் ஹோட்டல் மேடை. முள்கரண்டிச் சத்தம் நன்றாகக் கேட்டது.

ரெஜினா முன்னறையில் படுத்துக்கொள்கிறாள். முதுகுவலி என்கிறாள். பிளாஸ்திரி இப்போது தேவையில்லை, அதனால் பரவாயில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

பதிவு முடிந்தது. எட்டுப் பாட்டு. என் பெயர் வரும்.

அமல் காலையிலேயே வீட்டுக்கு வந்து, என் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, தானே தூக்கிக்கொண்டு வந்தான். கல்யாண முகூர்த்தம் ஒன்றை விட்டுவிட்டு வந்தானாம். ரெஜினா வரவில்லை.

முதல் பாட்டுக்கே ஒன்பது முறை ஆனது. ஸ்டுடியோ பையன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "சார், எங்கயோ காத்து லீக் ஆகுது. வாத்தியத்துல ஏதாவது மூடி சரியா மூடலயா?" என்று கேட்டான். டைட்டஸ் தன் ஷூவைப் பார்த்தான். "அது அப்படியேதான் இருக்கும், நீ பதிவு பண்ணு" என்றான் வரதன். அதற்கப்புறம் அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. மெதுவாகப் போகிற அந்தப் பாட்டில் எனக்கே கேட்டது. சுரத்துக்குப் பக்கத்தில் இன்னொருத்தன் உட்கார்ந்து மூச்சு வாங்குகிற மாதிரி. அந்த இடத்தில் அமல் என்ன செய்வான் என்றும் கேட்டது. அவன் இழுக்கிற இடத்தில் நானும் இழுத்துப் பார்த்தேன். உதடு தரவில்லை.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் நின்றுகொண்டு கேட்டான். அழுதுகொண்டிருந்தான். இரண்டு கண்ணிலும் வந்தது. நிஜமாக வந்தால் அப்படித்தான் வரும்போலிருக்கிறது.

மதியம் பொட்டலம் வந்தது. எல்லாரும் தரையில் தாள் விரித்து உட்கார்ந்தார்கள். எனக்குப் பசியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அமல் விடவில்லை. வாசித்த வாய் காய்ந்திருக்கும் என்று சோற்றைப் பிசைந்து, கறியை நாராகப் பிய்த்து, எனக்கு முன்னால் நகர்த்தி வைத்தான். ஒரு வாய் எடுத்தேன். இடது கண் ஆரம்பித்தது. வரதன் பார்த்தான், டைட்டஸ் பார்த்தான். அமல் கைக்குட்டையை எடுத்து என் கன்னத்தைத் துடைத்தான்.

"இன்னும் என்னண்ணே? நான்தான் அன்னிக்கே மறந்துட்டேனே."

வாய் நிறையச் சோறு இருந்தது. மென்றேன். அவன் துடைத்துக்கொண்டே இருந்தான்.